தோவாளைப் பூவுக்குச் செயலியா, குரல் பதிவா?

தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற பெயருள்ள பஜாருக்கு வேனில் ஏற்றி விடுவது எங்கள் தொழில். போன ஓணத்துக்கு முன்னால் சரக்குக் கணக்குக்கு ஒரு செயலி வாங்கினோம். ஓணம் முடிந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பும் முறைக்கு வந்துவிட்டோம்.

செயலியிடம் பெரிய குறை இல்லை. தராசு எடை தானாக ஏறும், யார் எவ்வளவு பாக்கி என்பது உடனே தெரியும். வரிக் கணக்குக்கு உதவும் என்றார்கள். பூவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது!

விஷயமெல்லாம் கழிவில்தான், அதாவது கெட்டுப்போகும் பூவில். மழையில் நனைந்த கேந்தி (செண்டுமல்லி) சாக்குக்குள் சூடேறி அழுகும். பிச்சி சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் மூட்டையைப் பிரிக்கும்போதே சேதம் தெரிந்தால், வேன் கிளம்புமுன் சந்தையிலேயே வேறு பூ வாங்கி நிரப்பிவிடலாம். தெரியாமல் போனால் திருவனந்தபுரத்தில் வியாபாரி மூட்டையை அவிழ்க்கும்போதுதான் தெரியவரும். அத்தம் முதல் திருவோணம் வரை 10 நாள்தான் ஓட்டம். ஒரு நாள் எடை குறைந்தால் மறுநாள் அவர் அடுத்த கடையில் நிற்பார்.

செயலியில் கழிவுக்கு ஒரு கட்டம் உண்டு, பதிந்தவர் பெயரோடு. முதல் வாரமே அதைப் பார்த்து ஒருவர் கூலியில் பிடித்தேன். புத்தி கெட்ட வேலை. அப்புறம் அந்தக் கட்டத்தில் தினமும் பூஜ்யம். திருவனந்தபுரத்திலிருந்து தினமும் சண்டை.

இப்போது பிடித்தம் இல்லை. பூ பிரிக்கும் பெண்கள் ஈரக் கையோடு ஃபோனை அழுத்தி, "அண்ணாச்சி, கேந்தி மூணு கிலோ கருத்துக் கெடக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதக் கூச்சப்படுகிற அக்காவும் பேசுகிறார். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் ஏற்றுவது மட்டும் பெரும்பாடு.

பிடித்தத்தை நிறுத்திவிட்டுச் செயலியையே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் என் மைத்துனன் செயலியை விடவே மாட்டான். விலை ஏறும்வரை சரக்கைக் கிடங்கில் போட்டு வைக்கிறவனுக்கு அதுதான் தோது.

வரும் ஓணத்துக்குப் பாக்கிக் கணக்கை மட்டும் செயலியில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். கழிவு குரலில்தான் வரவேண்டும்.