பழைய ஏர்லைனர் காக்பிட்டில் எதை மாட்டுவது: ரேடியோவா, கரோசலா, ஜிபிஎஸ்ஸா?

கணினி ஃப்ளைட் சிமுலேட்டரில் 707, 727, 747-200, டிசி-8 என்று பழைய விமானம் ஒன்றை டவுன்லோட் செய்துகொண்டவர்கள் சீக்கிரமே ஒரே கேள்விக்கு வந்து சேர்வார்கள். டயல்கள் அழகு, இன்ஜின் ஒலி அருமை, எல்லாம் சரி. ஆனால் இது எப்படி வழி கண்டுபிடித்துப் போகும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. விமானத்தோடு வந்த ரேடியோ கருவிகளே (தரை நிலையத்தை வைத்துத் திசை காட்டும் விஓஆர், ஏடிஎஃப், தூரம் காட்டும் டிஎம்இ) போதும் என்று அப்படியே விட்டுவிடலாம். தன் அசைவை வைத்தே இடத்தைக் கணக்கிடும் டெல்கோ கரோசல் என்ற ஐஎன்எஸ் பெட்டியை ஆட்-ஆனாக, அதாவது தனியாகச் சேர்க்கும் மென்பொருளாக, மாட்டலாம். இல்லையென்றால் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றைச் சொருகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இதில் எது அசல் என்று சண்டை போடுகிறவர்கள், தாங்கள் பறப்பது எந்த வருடம் என்பதை மட்டும் சொல்வதே இல்லை. 1958இல் அட்லாண்டிக்கைக் கடந்த 707இல் நேவிகேட்டர் என்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். 1970 ஜனவரியில் சேவைக்கு வந்த 747இல் அந்த நாற்காலி இல்லை; கரோசல் இருந்தது. 1998இல் ஐரோப்பா பி-ஆர்நாவை (நிலையத்துக்கு நிலையம் போகாமல் எந்தப் புள்ளிக்கும் நேராகப் பறக்கும் முறை) கட்டாயமாக்கியதும், விஓஆரை மட்டும் நம்பியிருந்த பழைய ஜெட்கள் கேஎல்என் 90பி போன்ற ஜிபிஎஸ் பெட்டிகளை மாட்டிக்கொண்டன. ஆக மூன்றுமே அசல்தான், அதனதன் காலத்தில்.

பேச்சுக்கு ஒரே பாதையை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் ஷானனிலிருந்து கனடாவின் காண்டர் வரை, சுமார் 1,700 கடல் மைல்.

ரேடியோ மட்டும் வைத்துக் கிளம்பினால், 35,000 அடியில் விஓஆர் நேர்கோட்டில் எட்டும் தூரம் கிட்டத்தட்ட 230 கடல் மைல். சிமுலேட்டர் தரவில் பல நிலையங்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் எழுதியிருக்கும். இரண்டு கரையையும் தாராளமாகக் கணக்கில் எடுத்தாலும், நடுவில் 1,200 கடல் மைலுக்கு மேல் ஊசி செத்துக் கிடக்கும். அந்தக் காலத்து நேவிகேட்டரிடம் நட்சத்திரம் பார்க்கும் செக்ஸ்டண்ட், நீண்ட தூர ரேடியோவான லோரான், தரை வேகம் அளக்கும் டாப்ளர் ரேடார் எல்லாம் இருந்தன. நம்மிடம் ஹெடிங்கும் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை) ஸ்டாப்வாட்சும்தான். காற்றைக் கணித்து அப்படியே ஓட்டிப் பார்ப்பது சுவாரசியமான விளையாட்டுதான். ஆனால் அதை 'வரலாற்றுப்படி' என்று சொல்லிக்கொள்ள முடியாது.

தரைக்கு மேல் கதையே வேறு. ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் 727ஐ ரேடியோவில் ஓட்டுவது போன்ற திருப்தி மற்ற இரண்டிலும் கிடையாது. அடுத்த நிலையத்தை டியூன் செய்து, மோர்ஸ் அடையாளம் கேட்டு, ரேடியலை (நிலையத்திலிருந்து கிளம்பும் திசைக்கோடு) திருப்பி, நிலையங்களின் திசை காட்டும் ஆர்எம்ஐயின் இரட்டை ஊசிகளில் இன்னொரு நிலையத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை சும்மா இருக்காது.

இந்த வழியில் இடிப்பது கருவி அல்ல, தரவு. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தன்னிடமிருந்த 896 விஓஆர்களை 590 அளவுக்குக் குறைத்துக்கொண்டு வருகிறது. 28 நாளுக்கு ஒருமுறை வரும் ஏஐராக் என்ற வழிகாட்டித் தரவைச் சிமுலேட்டரில் ஒழுங்காகப் புதுப்பிக்கிறவருக்கு, 1975இன் பாதையில் பல நிலையங்கள் இருக்கவே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸின் பழைய தரவு இங்கே வரப்பிரசாதம். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் இன்னும் நல்ல வழி உண்டு: கஸ்டம் டேட்டா ஃபோல்டரில் யூசர் நாவ் என்ற ஃபைலை வைத்து, மூடப்பட்ட நிலையத்தை நாமே உயிர்ப்பிக்கலாம். 3 என்று தொடங்கும் வரி விஓஆருக்கு, 2 என்பது ஏடிஎஃப் பிடிக்கும் என்டிபி நிலையத்துக்கு. அலைவரிசை 113.50 என்றால் 11350 என்று புள்ளியில்லாமல் எழுத வேண்டும். டிஎம்இக்கு 12 என்று தனி வரி. அதை விட்டுவிட்டால் ஊசி ஒழுங்காகக் காட்டும், தூரம் மட்டும் வராது.

இப்போது கரோசல். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. உள்ளே இருக்கும் தளம் நிமிடத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுழன்று, உணரிகளின் பிழையைச் சராசரியாக்கிவிடும். வெளியிலிருந்து எந்த சிக்னலும் வேண்டாம். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று யாராவது முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். பார்க்கிங்கில் நின்றபடி அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து குமிழை அலைனில் (தளத்தைச் சமன்படுத்தும் நிலை) வைத்தால், ஸ்டேட்டஸ் எண் படிப்படியாக இறங்கி, கால் மணி நேரம் போல ஆனதும் ரெடி நாவ் விளக்கு பச்சையாக எரியும். அதற்குள் புஷ்பேக் செய்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளினீர்களோ, போச்சு. பறக்கும்போது தவறி ஆஃபில் வைத்தாலும் அந்த யூனிட் அவ்வளவுதான், வானத்தில் மறுபடி அலைன் ஆகாது. பொறுமை இல்லாதவர்களுக்கு வேகமாக அலைன் செய்யும் வசதி பல ஆட்-ஆன்களில் உண்டு. பயன்படுத்தலாம், குற்றமில்லை.

ஷானனைத் தாண்டி 50 வடக்கு, 20 மேற்கு என்ற புள்ளியைப் பதிய வேண்டும் என்று வையுங்கள். கீபேடில் 2 என்ற பொத்தான்தான் வடக்கு, 4 மேற்கு, 6 கிழக்கு, 8 தெற்கு. 2 அழுத்தி 50000, இன்செர்ட். 4 அழுத்தி 20000, இன்செர்ட். கடைசி இலக்கம் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு. பெயர் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது, வரைபடம் கிடையாது. இப்படி மொத்தமே ஒன்பது புள்ளிகள்தான் கொள்ளும். நீண்ட பயணத்தில் 1, 2, 3 கடந்துபோனதும் அந்த இடங்களில் அடுத்த புள்ளிகளை எழுதிக்கொண்டே வர வேண்டும். மறந்தால் 9க்குப் பிறகு பெட்டி மறுபடி 1க்குப் போகச் சொல்லும். விமானமும் சொன்ன பேச்சைக் கேட்டு, கிளம்பிய திசைக்கே திரும்பும். ஏதாவது புள்ளிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது எரியும் அலர்ட் விளக்குக்காகக் காத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. காண்டர் போய்ச் சேரும்போது மணிக்கு ஒன்றிரண்டு கடல் மைல் என்று விலகி, நான்கு மணி நேரத்தில் நாலிலிருந்து எட்டு மைல் பிசகியிருக்கும். கரை தெரிந்ததும் விஓஆரை வைத்துச் சரிபார்க்க வேண்டியதுதான். அந்தச் சரிபார்ப்புக்காகவே ஆட்-ஆனில் இந்த விலகலை உண்டாக்கும் வசதியை ஆஃப் செய்யாமல் பறக்கச் சொல்வேன்.

ஐரோப்பாவுக்குள் ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கரோசலை எடுத்தால் மட்டும் எரிச்சல்தான் மிஞ்சும். விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எஸ்ஐடி, வந்து சேரும் ஸ்டார் என்று நெருக்கமாக வளையும் பாதைகளுக்கு அது பிறந்ததே இல்லை.

ஜிபிஎஸ் பெட்டிகளில் இரண்டு ரகம். ஒன்று ஜிடிஎன் 750 போன்ற தொடுதிரை. 2011இல் வந்த சாமான். டிடிஎஸ் நிறுவனம் தரும் ஆட்-ஆன், நிஜப் பெட்டியைச் செய்யும் கார்மினின் சொந்தப் பயிற்சி மென்பொருளையே பின்னால் ஓட்டுகிறது, அதனால் மெனுவிலிருந்து எல்லாமே நிஜம். பிஎம்எஸ்50 என்ற இன்னொரு ஆட்-ஆன் சிமுலேட்டருக்குள்ளேயே எழுதப்பட்டது. மாட்டுவது சுலபம், இலவசப் பதிப்பும் உண்டு. பிஎம்டிஜி நிறுவனம் சிமுலேட்டருக்குச் செய்த டிசி-6இல் இவை இடம் பிடித்துக்கொண்டன. நாலு பிஸ்டன் இன்ஜின்களுக்கு நடுவே பளபளக்கும் வண்ணத்திரையைப் பார்த்தால் எனக்குக் கண் உறுத்துகிறது. ஆனால் இன்றும் பறக்கிற பழைய விமானங்கள் பலவற்றின் காக்பிட்டில் இப்படித்தான் இருக்கிறது என்பதால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்று கேஎல்என் 90பி. சின்னத் திரை, இரண்டு பக்கமும் குமிழ்கள், எழுத்து எழுத்தாகத் திருகிப் பாதையை ஏற்ற வேண்டும். 1999இன் 727க்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. டேட்டாபேஸ் இருக்கிறது, ஆனால் சோம்பேறியாக விடாது.

எதை மாட்டினாலும், ஆட்டோபைலட்டோடு அது பேசுகிறதா என்பதை முதலில் பாருங்கள். பழைய ஆட்டோபைலட்டுக்குப் பாதை என்றால் என்னவென்று தெரியாது. எச்எஸ்ஐ (திசையையும் பாதை விலகலையும் காட்டும் டயல்) ஊசி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஜிடிஎன் திரையில் அழகான வளைவு வரைந்திருக்கும். விமானமோ நேராகப் போய் ஊசியைத் தாண்டி, பிறகு தடுமாறித் திரும்பி வரும். வளைவுகளை ஹெடிங் குமிழால் நாம்தான் திருப்பிவிட வேண்டும். எஃப்எஸ்எக்ஸ், அதன் வழிவந்த பிரிபேர்3டி இரண்டிலும் நாவ்/ஜிபிஎஸ் சுவிட்ச் ஒன்றைக் காக்பிட்டில் கொண்டுவராமல் ஜிபிஎஸ் மாட்டுவது வீண். எக்ஸ்-பிளேனில் எச்எஸ்ஐ சோர்ஸ் என்ற டேட்டாரெஃபின் (சிமுலேட்டரின் உள் மாறி) மதிப்பு 2 என்றால்தான் ஜிபிஎஸ். கரோசலுக்கும் இதே விதி: ஆட்டோபைலட் குமிழ் ஐஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும், விமானமும் பாதைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1983 செப்டம்பர் 1இல் கொரியன் ஏர்லைன்ஸ் 007 வழிவிலகிச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்ததை விசாரித்த ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, 1993 அறிக்கையில் இரண்டு காரணங்களில் ஒன்று என்றது: குமிழ் ஹெடிங்கிலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது ஐஎன்எஸ்ஸுக்கு மாற்றியபோது பிடிக்க முடியாத அளவு விமானம் விலகிப்போயிருக்க வேண்டும். பெட்டிகளில் புள்ளிகள் வரிசையாக மாறிக்கொண்டே இருக்கும், விமானம் அதன் பாட்டுக்கு வேறெங்கோ போகும். சிமுலேட்டரில் கரோசலை முதல்முறை மாட்டுகிறவர்கள் 'ஆட்-ஆன் வேலை செய்யவில்லை' என்று புலம்புவது பெரும்பாலும் இந்தக் குமிழால்தான்.

மாட்டும் சிரமத்தைப் பார்த்தால், எஃப்எஸ்எக்ஸ்தான் இன்னும் கருணையுள்ளது. பேனல் சிஎஃப்ஜி என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து, கேஜ் என்று ஒரு வரி சேர்த்து, இடம், அகலம், உயரம் கொடுத்தால் முடிந்தது. பழைய ஃபைலை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். 2டி பேனலில் ஐந்து நிமிட வேலை. 3டி காக்பிட்டுக்குள் என்றால், மாடல் செய்தவர் அந்த இடத்தில் டெக்ஸ்ச்சர் விட்டிருக்க வேண்டும். இல்லையேல் பாப்-அப் ஜன்னலோடு திருப்தி அடையுங்கள். புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பேனல் ஃபைலை மாற்றினால் லேஅவுட் ஜேசன் என்ற ஃபைல் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் ஏறாது. மார்க்கெட்பிளேஸில் வாங்கிய விமானம் பூட்டப்பட்டு வந்திருந்தால் அதில் கை வைக்கவே முடியாது. வாங்கும்முன், அதே விமானம் தயாரிப்பாளரிடமே நேரடியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்-பிளேனில் ப்ளக்-இன் ஃபோல்டரை விமானத்தின் ஃபோல்டருக்குள் போடுவதோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஃபெலிஸின் 747-200 வாங்கினால் அதுவும் வேண்டாம், மூன்று கரோசலும் உள்ளேயே இருக்கின்றன.

சோவியத் ஜெட்டான டியூ-154 வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடலாம். அதிலுள்ள என்வியு என்ற வழிகாட்டிக் கணினி, டாப்ளர் தரும் வேகத்தை வைத்து, ஒவ்வொரு பாதைத் துண்டிலும் எவ்வளவு தூரம், எவ்வளவு பக்கவாட்டு விலகல் என்று எண்ணிக்கொண்டே போகும். ஆர்எஸ்பிஎன் என்ற சோவியத் ரேடியோ நிலையம் கிடைக்கும்போது பிழையைத் திருத்திக்கொள்ளும். கிளம்பும்முன்பே துண்டு துண்டாகக் கோணமும் தூரமும் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதை எடுத்துவிட்டு அங்கே ஜிடிஎன் மாட்டினால் அந்த விமானத்தை வாங்கியதற்கே பொருளில்லை. கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் கேஎல்என் 90பி வைத்துக்கொள்ளலாம். அதையும் நிஜ டியூ-154களில் மாட்டியிருந்தார்கள்.