ஆர்க்கிட் ஐடி: ஜெனெடிக்ஸ் பேப்பர் தேடுறவங்களுக்கு ஒர்த்தா?

ஒரு ஜெனெடிக்ஸ் ஆராய்ச்சியாளர் இதுவரைக்கும் என்னென்ன பேப்பர் போட்டிருக்கார்னு பாக்க பப்மெட்ல (மருத்துவ, உயிரியல் பேப்பர் தேடுற தளம்) பேர அடிச்சா மட்டும் பத்தாதுங்க, வாங், லீ, குமார் மாதிரி பேருன்னா செடி ஜீன் பாக்கறவரு, கேன்சர் பாக்கறவரு, பல் டாக்டர்னு எல்லாரும் ஒரே லிஸ்ட்ல வந்து நிப்பாங்க. இதுக்குத்தான் 2012ல ஆர்க்கிட் (ORCID, ஆராய்ச்சியாளருக்கான அடையாள நம்பர்) வந்துச்சு. ஆளுக்கொரு 16 இலக்க நம்பர், ஆராய்ச்சியாளருக்கு ஃப்ரீ, வேலை மாறினாலும் பேரே மாறினாலும் நம்பர் மாறாது (சிலருக்கு கடைசில எக்ஸ்னு இருக்கும், தப்புன்னு நெனச்சுடாதீங்க).

குறை என்னன்னா ப்ரொஃபைல அவங்கவங்கதான் பாத்துக்கணும், ஜர்னல் கேக்குதேன்னு நம்பர வாங்கிட்டு அப்படியே விட்டவங்க நிறைய பேரு, உள்ள போனா காலியா கெடக்கும். கிராஸ்ரெஃப்க்கு (ஜர்னல்கள் பேப்பர் விவரத்த பதியற அமைப்பு) பர்மிஷன் குடுத்துட்டா புது பேப்பர் தானா வந்து சேரும், அத கூட பண்றதில்ல. ஜர்னலுக்கு முன்னாடியே பயோஆர்கைவ் தளத்துல போடுற ப்ரீபிரிண்டும் ஜர்னல்ல வந்த பேப்பரும் தனித்தனியா நிக்கலாம், ரெண்டா எண்ணிடாதீங்க.

சைட்டேஷன் கணக்கு (ஒரு பேப்பர எத்தன பேப்பர் மேற்கோள் காட்டுதுங்கறது), அத வச்சு ஆளுக்குப் போடுற ஹெச்-இன்டெக்ஸ் ஸ்கோர் எதுவும் இதுல இல்ல. எனக்கு அது ப்ளஸ்தான், நூத்துக்கணக்கான பேரு சேந்து போடுற ஜீனோம் கன்சார்ட்டியம் பேப்பர்ல நடுவுல பேரு இருந்தாலும் ஹெச்-இன்டெக்ஸ் ஏறத்தான் செய்யும். இந்த ஃபீல்டுல பொதுவா மொத பேரு லேப்ல கை வலிக்க வேல செஞ்சவரு, கடைசி பேரு லேப் தலைவர், அத பேப்பர தொறந்துதான் பாக்கணும்.

பப்மெட்லயே இந்த நம்பர ஏயூஐடி டேக் போட்டு தேடலாம், ஆனா ஜர்னல் பேப்பர் விவரத்தோட இந்த ஆர்க்கிட் நம்பரையும் சேத்து பப்மெட்டுக்கு அனுப்பிருந்தா மட்டும்தான் அந்த பேப்பர் வரும்.