‘சைலன்ட் ஸ்விட்ச்’ என்று கொடுத்தது 3 ஆம்பியர் ஸ்விட்ச்: ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் கவனத்துக்கு

ஆறு மாதம், சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து கட்டிய ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர்கள். பாட்டுக் கேட்டால் மனசு நிறையும். ஒரே குறை, ஆஃப் செய்யும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஓர் அடி. உதிரிபாகம் விற்பவரிடம் சொன்னேன். “சைலன்ட் ஸ்விட்ச் இருக்கு சார், 10 ஆம்பியர், ஆம்புக்குன்னே வர்றது” என்று பளபளப்பான உலோக புஷ் ஸ்விட்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அழுத்திப் பார்த்தேன். விரலுக்கடியில் துளி சத்தம் இல்லை. அதை நம்பித்தான் வாங்கினேன்.

மாட்டிய முதல் நாளே ‘டப்’ முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. விரலில் கேட்கும் ‘க்ளிக்’ வேறு, ஸ்பீக்கரில் கேட்கும் ‘டப்’ வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. நல்ல ஸ்விட்சில் ஸ்பிரிங் உள்ளே இருக்கும் தொடுமுனைகளைச் சட்டென்று பிரித்துவிடும். அந்த வேகத்தின் சத்தம்தான் க்ளிக். மெதுவாகப் பிரியும் முனைகளுக்கு இடையே தீப்பொறி கூடுதல் நேரம் நின்று எரியும். டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் தேங்கிய ஆற்றலும் அந்த இடைவெளியில்தான் பாயப் பார்க்கும். அந்தப் பொறி கிளப்பும் இரைச்சல் இன்புட் ஒயர் வழியாக ஏறி ஸ்பீக்கருக்குப் போகிறது.

மூன்று வாரம் கழித்து நடந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. ஆஃப் செய்துவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே சப்ளை போர்டின் சிறு விளக்கு அணையவே இல்லை. பட்டன் மேலே வந்திருந்தது, தொடுமுனைகள் உருகி ஒட்டியிருந்தன. அந்த விளக்கு இல்லாதிருந்தால் நேராக உள்ளே கை வைத்திருப்பேன்.

ஸ்விட்சைக் கழற்றி, ‘10 ஆம்ப்’ ஸ்டிக்கரை உரித்தேன். கீழே பிளாஸ்டிக்கில் அச்சாகியிருந்தது: 3 ஆம்ப், 250 வோல்ட்.

எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், “உங்க ஆம்ப் இழுக்கிறதே ஒண்ணே கால் ஆம்ப்தானே, 3 ஆம்ப் தாராளம். டிரான்ஸ்ஃபார்மர்லதான் கோளாறு” என்றார். கணக்கு என்னவோ சரிதான். 300ஐ 230ஆல் வகுத்தால் 1.3 ஆம்ப். ஆனால் அது ஓடும்போது இழுப்பது. ஆன் செய்யும் கணத்தின் கதையே வேறு. டொராய்டலின் இரும்பு வளையத்தில் இடைவெளி கிடையாது. முந்தைய தடவையின் காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். தோதில்லாத கணத்தில் ஆன் ஆனால் இரும்பு நிறைசெறிவுக்கு (இதற்குமேல் காந்தம் ஏறாத நிலைக்கு) போய், செப்புக் கம்பியின் தடை மட்டுமே மின்னோட்டத்தைத் தடுக்க மிஞ்சும். என் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை (மெயின்ஸ் பக்கச் சுருளை) அளந்தேன், 4 ஓம். 230 வோல்ட்டின் உச்சம் 325. வகுத்துப் பாருங்கள், 80 ஆம்ப் வரை போகலாம். சில மில்லி விநாடிதான், ஆனால் 3 ஆம்ப் முனைகளை ஒட்டவைக்க அது போதும்.

பணம் திரும்பி வரவில்லை. பதிலுக்கு அதே ரகத்தில் இன்னொரு ஸ்விட்சும், “இதை முனைகளுக்குக் குறுக்கே போடுங்க, டப் போயிடும்” என்று 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டர் ஒன்றும் கொடுத்தார். 400 என்பது 325ஐவிடப் பெரிதாயிற்றே என்று போட்டேன். ஆஃபில் இருக்கும் நேரம் முழுக்க மெயின்ஸ் வோல்ட்டேஜ் அந்தக் கெப்பாசிட்டர் மேல்தான் நிற்கிறது. அது ஏசிக்குச் செய்ததே இல்லை. ஒருநாள் காலையில் ஆம்ப் பெட்டி சுட்டது. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி, ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது.

அங்கே போடவேண்டியது மெயின்ஸுக்கென்றே செய்த, எக்ஸ்2 என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏசி கெப்பாசிட்டர். 0.01 மைக்ரோஃபேரட், தொடரில் 100 ஓம் ரெசிஸ்டர். இதிலும் ஆஃபில் கசிவு மின்னோட்டம் கொஞ்சம் இருக்கும்; மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கியே ஆகவேண்டும்.

ஸ்விட்ச் வாங்கும்போது உடம்பில் அச்சானதை மட்டும் நம்புங்கள். ‘10/100 ஆம்ப் 250 வோல்ட்’ என்றால் தொடர்ந்து 10, ஆன் ஆகும் கணத்தில் 100 தாங்கும். ‘டிவி-5’ என்ற குறி இருந்தால் அந்தக் கணத்தில் தாங்குவது 78 ஆம்ப், ‘டிவி-8’ என்றால் 117. எனக்கு 80 வரை போகலாம் என்பதால் டிவி-5 போதாது.

இப்போது பின்பக்கம் 10/100 குறியுள்ள இரட்டைத் துருவ (இரண்டு ஒயரையும் ஒருசேரத் துண்டிக்கும்) ராக்கர் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். நன்றாகவே ‘க்ளிக்’ என்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் சாஃப்ட் ஸ்டார்ட் போர்டு ஒன்று. முதலில் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போய், அரை விநாடியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேர்வழி கொடுத்துவிடும். மெயின்ஸ் போனதும் ஸ்பீக்கரைப் பிரித்துவிட இன்னொரு ரிலே. ‘டப்’ சுத்தமாகப் போய்விட்டது.

அந்த ‘சைலன்ட்’ ஸ்விட்ச் அதே ஸ்டிக்கரோடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் வடிந்ததை மீட்டரில் பார்த்துக்கொண்டு, ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். 3 என்று இருந்தால் மறுபடி மாட்ட வேண்டாம்.