இரண்டு நோய்க்கு ஒரே சொல்: ஒரு மருத்துவக் கலைச்சொல் செயலி

மருத்துவத் துண்டறிக்கைகளைத் தமிழாக்குவது என் வேலை என்பதால், நரம்பியல், கண் மருத்துவம் ஆகிய இரு துறைகளின் சொற்களை மட்டும் தொகுத்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியை நான்கு மாதங்களாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கிறது, விளம்பரம் குறுக்கிடுவதில்லை, எழுத்தும் கண்ணை உறுத்தாத அளவில் இருக்கிறது. ஆனால் இதிலுள்ள சொல்லை நம்பி நோயாளிக்கு எழுதப்போகிறவர்கள் சற்று நிதானிக்க வேண்டும்.

மூளையுறைகள் பற்றிய பகுதிதான் இதன் பலம். டியூரா மேட்டர், அரக்னாய்டு மேட்டர், பயா மேட்டர் என்று பள்ளியில் நாம் நெட்டுருப் போட்ட மூன்று உறைகளுக்கும் வன்றாயி, சிலந்தியுரு, மென்றாயி என்ற சொற்களைத் தந்து, பெயர் வந்த வழியையும் கீழே எழுதியிருக்கிறார்கள். லத்தீனில் 'மேட்டர்' என்றால் தாய்; ஓர் உறைக்கு எதற்காகத் தாய் என்று பெயர் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது. அரபு மருத்துவ நூல்கள் இந்த உறைகளைத் தாய் என்றே குறித்தன; 12ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் அவற்றை லத்தீனுக்குக் கொண்டுபோனபோது அந்தச் சொல்லை அப்படியே பெயர்த்தார். மெல்லியது என்ற அடைமொழி மட்டும் வழியில் திரிந்து, பக்தியுள்ளது என்று பொருள்படும் 'பயா' ஆகிவிட்டது. லத்தீனில் பிசகிய பொருளை மென்றாயி என்ற தமிழ்ச் சொல் சத்தமில்லாமல் நேராக்கியிருப்பதைக் கண்டபோது, இந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அதே பகுதியில் இரத்தக்கசிவுகளுக்கு வரைந்திருக்கும் படங்களும் நேர்த்தியானவை. மண்டையோட்டுக்கும் வன்றாயிக்கும் இடையே, பெரும்பாலும் தமனி கிழிந்து தேங்கும் இரத்தம் ஸ்கேன் படத்தில் குவிவில்லை போலப் புடைத்துத் தெரியும் என்பதும், வன்றாயிக்கும் சிலந்தியுருவுக்கும் இடையே சிரைகள் அறுந்து பரவும் இரத்தம் பிறை வடிவில் படியும் என்பதும் பார்த்த மாத்திரத்தில் புரிகின்றன. வன்றாயிமேல், வன்றாயிக்கீழ் என்ற இரு சொற்களும் நம்மைக் குழப்பாமல் அந்தந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன.

இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் அடுத்த பக்கத்தில் எப்படிச் சறுக்கினார்களோ தெரியவில்லை. மெனிஞ்சைட்டிஸ் என்று தேடினாலும் மூளைக்காய்ச்சல், என்செஃபலைட்டிஸ் என்று தேடினாலும் மூளைக்காய்ச்சல். முன்னது மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் அழற்சி. பின்னது மூளைத் திசுவின் அழற்சி. பேச்சு வழக்கில் இரண்டையும் மூளைக்காய்ச்சல் என்பது உண்மைதான், ஆனால் பேச்சு வழக்கைத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு கலைச்சொல் தொகுப்பு தேவையில்லை. தடுப்பூசி பற்றிய துண்டறிக்கை ஒன்றில் எந்த நோய்க்கு எந்த ஊசி என்று பிரித்து எழுத வேண்டியிருந்தபோது, மூளையுறை அழற்சி, மூளை அழற்சி என்று நானே இரண்டு வரி குறித்துவைத்துக்கொண்டேன்.

பார்வை பற்றிய பகுதி ஏற்றமும் இறக்கமுமாக இருக்கிறது. பார்வைப் பரப்பில் பாதி மறைந்துபோகும் ஹெமியனோபியாவுக்கு 'அரைக்குருடு' என்று போட்டிருக்கிறார்கள். மரியாதைக் குறைவு ஒருபுறமிருக்க, படிப்பவர் ஒரு கண் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் மூக்குப் பக்கத்து நரம்பிழைகள் இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் பார்வை நரம்புக் குறுக்கில் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன, நெற்றிப்பொட்டுப் பக்கத்து, அதாவது காதுப் பக்கத்து இழைகள் தாண்டுவதில்லை. ஆகவே மூளையின் பின்பகுதியில் இடப்பக்கப் பிடரி மடல் பழுதுபட்டால் இரு கண்களுக்கும் வலப்பாதிக் காட்சி மறைகிறது. எந்தக் கண்ணை மூடிப் பார்த்தாலும் அதே பாதி இருக்காது. கதவின் வலது நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருக்கும். அரைப்புலப் பார்வையிழப்பு என்பது நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

இதற்கு நேர்மாறாக, பார்த்தும் அறியாத நிலைகளுக்கான சொற்கள் அருமை. அக்னோசியா என்ற பெயரை 1891இல் ஃபிராய்ட் வைத்தார் என்ற குறிப்போடு 'அறிதலின்மை' என்றும், 1947இல் ஜெர்மன் நரம்பியலாளர் யோகிம் போடமர் பெயரிட்ட புரோசோபக்னோசியாவுக்கு 'முகமறியாமை' என்றும் தந்திருக்கிறார்கள். கண்ணும் மூக்கும் வாயும் தனித்தனியே தெரிந்தும் இன்னார் முகம் என்று தெரியாமல், குரல் கேட்டதும் மகனை அடையாளம் காணும் ஒருவரின் நிலையை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

தேடல் வசதிதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. வன்தாயி என்று பிரித்துத் தட்டினால் 'சொல் இல்லை' என்கிறது. புணர்ச்சி விதிப்படி வன்றாயி என்று தட்டினால்தான் வருகிறது. தமிழ் அகராதி செய்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய சிக்கல் இது. தயாரிப்பாளர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். அண்மையில் வந்த புதிய பதிப்பில் மென்தாயி என்று தட்டினால் மென்றாயி கிடைக்கிறது. வன்தாயிக்கு இன்னும் 'சொல் இல்லை'தான்.