கெபியா, குருசடியா?

காரைக்குடிப் பக்கம் தெருமுனையில் மாதா சுரூபம் வைத்த சின்ன இடத்தைக் கெபி என்பார்கள். குமரிப் பக்கத்துச் சொந்தக்காரர் வந்தால் அதையே குருசடி என்பார். இரண்டும் ஒன்றல்ல.

கெபி என்றால் குகை. பைபிளில் தானியேலைத் தள்ளிய சிங்கக் கெபி ஞாபகம் இருக்கும். 1858இல் பிரான்சின் லூர்து குகையில் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி தந்தார். அந்த நினைவில்தான் சிமெண்டில் பாறை மடிப்புகள் செய்து, நீலக் கச்சை கட்டிய மாதாவை நிறுத்துகிறார்கள்.

குருசடியில் இருப்பது போர்த்துகீசியரின் 'குரூஸ்', அதாவது சிலுவை. அதோடு நம் 'அடி' சேர்ந்தது. சிலுவையடியில் கூடிச் செபிக்கும் இடம் என்று பொருள் தானாக விளங்குகிறது, அதனால் எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

ஆனாலும் பெயர்ப்பலகை எழுதும்போது பார்த்து எழுதுங்கள்: குகை இருந்தால் கெபி, சிலுவையை மையமாக வைத்து எழுப்பியிருந்தால் குருசடி. சுவர், பீடம், பூசை எல்லாம் இருந்தால் அது சிற்றாலயம்.