கூத்துக் களத்தில் ஒரு கமரா போதுமா? நிழற்படக் கமராவின் காணொளி வசதியும் அதற்கான மாற்றுகளும்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை நகரங்களில் ஸ்டூடியோ நடத்துவோரிடமும், விடுமுறை நாட்களில் தோட்டத் திருவிழாக்களைப் படமெடுக்கப் போகும் என்போன்றவர்களிடமும் இன்று இருக்கும் கமராக்களில் காணொளி வசதி இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தும், வாங்கிய நாளில் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்ததோடு சரி என்று சொல்பவர்களே எனக்குத் தெரிந்த வட்டத்தில் அதிகம். நிழற்படக் கமராவிலேயே காணொளியும் எடுப்பது, காணொளிக்கென்றே செய்யப்பட்ட கேம்கோடரைக் கொண்டுபோவது, அந்த வேலையைக் கையடக்கத் தொலைபேசியிடம் விட்டுவிடுவது ஆகிய மூன்று வழிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இங்கே என் நோக்கம். உரைகல்லாக, மன்மதனைச் சிவன் எரித்த கதையை மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தை எடுத்துக்கொள்கிறேன். மாசி, பங்குனிப் பனியில் இரவு முழுவதும் நடப்பது, ஆட்டமும் பாட்டும் தப்பு மேளமும் தீயும் கலந்தது, வெளிச்சம் ஒருபோதும் போதாதது என்பதால், ஒரு கமராவின் பலமும் பலவீனமும் அந்தக் களத்தில் ஒளிந்திருக்க முடியாது.

காணொளி எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய) கமரா 2008 ஓகஸ்ட்டில் அறிவிக்கப்பட்ட நிக்கோன் டி90. அது 1280×720 அளவில் விநாடிக்கு 24 சட்டகங்களைப் பதிந்தது. ஒரு துண்டு ஐந்து நிமிடங்களுக்கு மேல் போகாது. அடுத்த மாதமே அறிவிக்கப்பட்ட கெனன் 5டி மார்க் 2, முழுச்சட்டக உணரியில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில், ஒளியைப் பிடிக்கும் சில்லில்) 1920×1080 காணொளியைத் தந்தது. பெரிய உணரியும் எஃப் 1.8 போன்ற அகலத் திறக்கும் லென்ஸும் சேர்ந்து முகத்தைத் தெளிவாக நிறுத்திப் பின்னணியைக் கரைத்துவிடும் அந்தத் தோற்றம், அதுவரை எங்கள் கலியாண வீடியோக்களில் யாரும் காணாதது. ஆனால் அன்றைய டிஎஸ்எல்ஆர்களில் காணொளி எடுக்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்து பார்வைத் துளை இருண்டுவிடும். முதுகுத் திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். தானியங்கிக் குவியமோ தேடித் தேடித் தடுமாறும். 2013இல் கெனன் 70டி உணரியிலேயே குவியங்காணும் முறையைக் கொண்டுவந்தபோதுதான், கெனன் பாவிக்கும் என் நண்பர்கள் சிலர் அந்தப் பொத்தானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

படத் தரத்தைப் பற்றி இனி அதிகம் சண்டை பிடிக்கத் தேவையில்லை. 4கே காணொளியின் ஒரு சட்டகம் 3840×2160 புள்ளிகள், அதாவது சுமார் 8.3 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் 12.8 அங்குலத்துக்கு 7.2 அங்குலம் வரும். ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு அது ஏறத்தாழப் போதும். அப்படியானால் இரவு முழுவதும் காணொளி எடுத்து, பிறகு வேண்டிய சட்டகத்தைப் பிரித்து நிழற்படமாக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு வருடம் அப்படி நம்பினேன்.

இடறுவது ஷட்டர் வேகத்தில். விநாடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது ஷட்டரை 1/50 விநாடியில் வைத்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாக ஓடும். ஒவ்வொரு சட்டகத்திலும் இருக்கும் சிறு கலங்கலே அந்த ஓட்டத்தை உண்டாக்குகிறது. மதனும் ரதியும் சுழன்று ஆடும்போது கை, கால், சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டும் நிழற்படத்துக்கோ 1/250 விநாடியாவது வேண்டும். காணொளியையே 1/250இல் எடுத்தால் ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும். உணரிக்குப் போகும் ஒளியும் ஐந்தில் ஒரு பங்காகிவிடுவதால், ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன் அளவு) 3200இல் இருந்தவர் 16000க்குப் போய் மணல் அள்ளி வீசியது போன்ற படத்தோடு வீடு திரும்புவார். நான் பிரித்தெடுத்த சட்டகங்களில் ரதியின் முகம் ஓரளவு தப்பியது. கைகள் இருந்த இடத்தில் வெண்புகை மட்டுமே இருந்தது. தீவெட்டி வெளிச்சத்தில் பாதி முகம் இருளில் கிடக்கும்போது, உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரோ கோப்பிலிருந்து அந்த இருளை மேலே தூக்கலாம்; இறுக்கிச் சுருக்கப்பட்ட 8 பிட் காணொளியில் தூக்கினால் சதுரம் சதுரமாகச் சிதறும். ஆகவே ஒரே கமராவில், ஒரே கணத்தில், இரண்டு வேலையும் ஆகாது. மாற்றி மாற்றி எடுப்பவருக்கு, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஷட்டர், ஐஎஸ்ஓ, வெண்சமநிலை ஆகியவற்றைச் சரிசெய்வதற்குள் கூத்தின் தூதன் வந்து சேதி சொல்லிப் போயிருப்பார்.

எங்கள் மின்சாரமும் இதில் ஒரு கை பார்க்கும். இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகளும் மலிவான எல்ஈடி விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 விநாடியில் எடுத்தால் அந்தத் துடிப்பு தெரியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கமரா, 30 சட்டகம், 1/60 விநாடி என்ற அமைப்பில் அப்படியே இருந்தால், திரையில் கருங்கோடுகள் அலையலையாக ஊரும். மெனுவில் காணொளி முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருப்பதைப் பால் (PAL) என்று மாற்றுவதே மருந்து. தோட்டத்துக் களங்களில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் சுழற்சி ஏறி இறங்கும். அப்போது ஷட்டரைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். கேம்கோடர்களிலும் இந்தத் தொல்லை உண்டு.

நேரக் கணக்கில்தான் கேம்கோடர் தலைநிமிர்ந்து நிற்கிறது. 30 நிமிடங்களோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிகள் காணொளிக் கமராவாக வகைப்படுத்தி அதிக வரி விதித்ததால், நிழற்படக் கமராக்கள் நெடுங்காலமாக 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிட்டன. எங்கோ ஒரு வரி அலுவலகத்தின் கணக்குக்காக, லிந்துலைப் பக்கத்து மலையொன்றில் நான் அரை மணிக்கொரு தடவை எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். 2017இல் வந்த பெனசோனிக் ஜிஎச்5 போன்றவற்றில் இந்த எல்லை கிடையாது. சூடேறும் கதையும் உண்டு: 2020இல் வந்த கெனன் ஆர்5, 23 பாகை வெப்பநிலையில் 8கே காணொளியைச் சுமார் 20 நிமிடங்களே எடுக்கும் என்று கெனன் நிறுவனமே அறிவித்திருந்தது. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வருடச் சராசரி 16 பாகையளவே என்பதால் எங்களுக்கு அது பெரிய கவலையில்லை. எங்கள் கவலை பனி. நள்ளிரவுக்குப் பின் லென்ஸின் முன்கண்ணாடியில் ஈரம் படியும், குளிரில் மின்கலம் இளைக்கும். ஒரு நாள் முழுவதும் நிழற்படத்துக்குத் தாங்கும் என் மின்கலம், காணொளியில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது.

சேமிப்பும் சேர்ந்துகொள்கிறது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே காணொளி மணிக்கு 45 கிகாபைட். எட்டு மணி நேரக் கூத்துக்கு 360. ஒவ்வொன்றும் சுமார் 25 மெகாபைட்டான ரோ படங்கள் 800 எடுத்தாலும் 20 கிகாபைட்தான். 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்ட பிறகு மெமரி காட்டையும் வன்தட்டையும் எண்ணித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இந்தக் காரணத்தால் முழு இரவுக் கூத்துக்கு நான் 4கே பக்கமே போவதில்லை, 1080 போதும்.

அடுத்தது ஒலி. நிழற்படம் மட்டும் எடுத்துப் பழகியவர் இதில்தான் முதலில் அடிவாங்குவார். கமராவின் உள் ஒலிவாங்கி லென்ஸ் மோட்டார் முனகுவதையும், மலைக்காற்று அடிப்பதையும் விசுவாசமாகப் பதியும். அதைவிட மோசமானது தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு: தீயில் காய்ச்சி இறுக்கிய தப்பில் முதல் அடி விழுந்ததும் ஒலியைக் கீழே அமுக்கும், அடி ஓய்ந்து ரதியின் ஒப்பாரி மெல்லத் தொடங்கும்போது, அமுக்கியதை மறுபடி ஏற்றிக் கூட்டத்தின் இருமலைப் பெரிதாக்கும். தொழில்முறைக் கேம்கோடரில் இரண்டு ஒலிவாங்கிகளைத் தனித்தனியே செருகி, ஒவ்வொன்றின் அளவையும் கையால் திருப்பிவைக்கலாம். நிழற்படக் கமராவில் இதற்கு ஈடுகட்டத் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் களத்தின் ஓரத்தில் வைத்து, பிறகு கணினியில் பொருத்த வேண்டும். அது கூடுதல் வேலை, ஆனால் செய்யத் தகுந்த வேலை.

கேம்கோடரின் குறை வெளிச்சம். அதன் சிறிய உணரி, மின்குமிழ் மாலை தொங்கும் கலியாண மண்டபத்தில் சமாளிக்கும். ஒற்றைக் குழல்விளக்கில் நடக்கும் கூத்தில் திணறும். பின்னணியைக் கரைக்கும் அழகும் அதனிடம் இல்லை. கூத்துக்கு அந்த அழகு அவசியமா என்றால், எனக்குச் சந்தேகமே. ரதிக்குப் பின்னால் போர்வைக்குள் ஒடுங்கியிருக்கும் சனமும் அந்தக் கதையின் பாதி.

கையடக்கத் தொலைபேசியை இளக்காரமாகப் பேசுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான் அதில் சேரமாட்டேன். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் தாய்க்கு, மகன் மதனாக வேடங்கட்டிய இரண்டு நிமிடத்தை அன்றிரவே அனுப்புவதற்குத் தொலைபேசியை மிஞ்சிய கருவி கிடையாது. நான் இரண்டு வாரம் கழித்துத் தரும் திருத்திய காணொளி அவருக்கு எந்த அவசரத்தையும் தீர்க்காது. இரவு முழுவதும் பதியத் தொலைபேசியால் இயலாது. பல தொலைபேசிகளில் சட்டக வேகம் வெளிச்சத்துக்கேற்பக் கூடிக் குறைவதால், தனியாகப் பதிந்த ஒலியை நீளமான துண்டோடு பொருத்தும்போது உதடும் சொல்லும் விலகிப் போகும். இரண்டு நிமிடத்துக்கு அது ஒரு பொருட்டில்லை.

காணொளியே வேண்டாம் என்பவர்களைக் கமரா நிறுவனங்களும் அறிந்தே இருக்கின்றன. 2013இல் நிக்கோன் தனது டிஎஃப் கமராவில் அந்த வசதியை வைக்கவில்லை. லைக்கா ஒருமுறை எம் வரிசையில் சேர்த்ததை 2017இன் எம்10இல் எடுத்துவிட்டது. ஆட்டத்தின் ஒரு கணத்துக்காகக் காத்திருக்கும் கண்ணும், ஆட்டம் முழுவதையும் தாங்கி நிற்கும் கையும் வேறு வேறு என்பதால், அவர்களின் பிடிவாதத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் ஒரு தோட்டத்துக் கூத்து மாஸ்டர். அதுவரை நான் கொடுத்த படங்களை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். ஒரு வருடம், “தம்பி, பாட்டெல்லாம் கொப்பியில இருக்கு. தப்பு அடி மாறுற எடம் கொப்பியில இல்ல. அத எடுத்துக் குடுங்க, பொடியங்க பார்த்துப் படிக்கட்டும்” என்றார். அடி மாறும் இடத்தை எந்த நிழற்படத்தாலும் காட்ட முடியாது.

அன்றிலிருந்து, பாதி விலைக்கு வாங்கிய பழைய கமரா ஒன்றை முக்காலியில் ஏற்றிக் களத்தின் எதிரே நிறுத்திவிடுகிறேன்: 1080, 25 சட்டகம், 1/50 விநாடி, குவியம் கையால் பூட்டப்பட்டது, அருகில் தனி ஒலிப்பதிவுக் கருவி. அரை மணிக்கொரு தடவை அதைத் தொட, மாஸ்டரின் பேரனே பொறுப்பு. என் கையிலிருக்கும் கமராவில் காணொளிப் பொத்தானை மெனுவுக்குள் போய் முடக்கிவைத்திருக்கிறேன். விடியற்காலையில் காமன் எரியும்போது விரல் தவறி அதில் படக்கூடாது.