ஒன்பது வருஷம் ஓட்டியாச்சு, அதே பிராண்ட் யாட்ட மறுபடி வாங்குவேனா?

நேரா பதில சொல்லிடறேன், வாங்குவேன். ஆனா புதுசா வாங்க மாட்டேன், இப்ப வச்சிருக்கிற அதே மாடலையும் வாங்க மாட்டேன், வாங்குறதுக்கு முன்னாடி போன தடவ எதையெல்லாம் பாத்து மயங்கினேனோ அதையெல்லாம் கடைசியிலதான் பாப்பேன்.

என்கிட்ட இருக்கிறது 37 அடி பாய்மர யாட், பெரிய ஃபேக்டரியில ஒரே அச்சுல வரிசையா செஞ்சு இறக்குற வகை. வாங்கும்போது அதுக்கு 6 வயசு, என்கிட்ட வந்து 9 வருஷம் ஆச்சு. பிராண்ட் பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் சொல்ற குறை எல்லாம் அந்த ஒரு கம்பெனியோடது மட்டும் இல்ல, இந்த விலையில வர்ற எல்லா போட்டுக்கும் கூடக் குறைய பொருந்தும். பெனெட்டோ, ஜனோ, பவாரியா, ஹான்ஸே, டுஃபோர், அமெரிக்காவுல கேட்டலினா, ஹண்டர்னு எதை எடுத்தாலும் செய்யிற முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுல பெனெட்டோ 1884ல மீன்பிடிப் படகு கட்ட ஆரம்பிச்ச குடும்பம், 1995ல ஜனோவையும் வாங்கிட்டாங்க, அதனால ஒண்ணு மேல கோவப்பட்டு இன்னொண்ணுக்கு மாறுறவங்க ரெண்டும் ஒரே குரூப்புன்னு தெரிஞ்சுகிட்டு மாறுங்க.

எப்படி இவ்ளோ குறைஞ்ச விலைக்கு தர முடியுதுன்னு புரிஞ்சாதான் மத்தது புரியும். ஹல்லை, அதாவது போட்டோட அடி உடம்ப, அச்சுல வார்க்கிறாங்க, அதுக்கு பலம் குடுக்கிற குறுக்குச் சட்டத்த தனியா இன்னொரு அச்சுல வார்த்து பசை போட்டு உள்ள ஒட்டிடறாங்க, மர வேலை எல்லாம் மெஷின்ல வெட்டி வெளிய வச்சே கோத்து, மேல் தளமான டெக் மூடுறதுக்கு முன்னாடி அப்படியே உள்ள இறக்கிடறாங்க, கடைசியா டெக்க கவுத்து மூடிடறாங்க. ஆளுங்க குனிஞ்சு நெளிஞ்சு உள்ள வேலை செய்யிற நேரம் மிச்சம், விலை குறையுது, சந்தோஷம். ஆனா டெக் மூடுறதுக்கு முன்னாடி வச்ச சாமான மூடின அப்புறம் கழட்டணும்னா என்ன பண்றது? அதுதான் இந்த வகை போட்டோட உண்மையான விலை, அத நாம பத்து வருஷம் கழிச்சு குடுக்கிறோம்.

சீகாக் விஷயம் சொல்றேன். ஹல்லுல தண்ணி உள்ள வர வெளிய போக ஓட்டை இருக்கும்ல, அதுல மாட்டுற வால்வுதான். என் போட்டுல மொத்தம் ஏழு. மூணாவது வருஷம் கரையில ஏத்தியிருந்தப்ப டாய்லெட் ஹோஸ மாத்தலாம்னு ஸ்பானர வச்சேன், பலமெல்லாம் குடுக்கல, சும்மா ஒரு கால் சுத்து, ஹோஸ் மாட்டுற முனை அப்படியே ஒடஞ்சு கையோட வந்துடுச்சு. ஒடஞ்ச எடத்த டார்ச் அடிச்சுப் பாத்தா பித்தளையோட மஞ்சள் எங்கயுமே இல்ல, செங்கல் பொடி மாதிரி ரோஸ் கலர். பித்தளையில இருக்கிற துத்தநாகம் உப்புத் தண்ணியில கரைஞ்சு போய் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நின்னுருக்கு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, பளபளன்னு நிக்கிது. அது 38 மில்லிமீட்டர் ஓட்டை, தண்ணி மட்டத்துக்கு அரை மீட்டர் கீழ. கடல்ல இருக்கும்போது அது ஒடஞ்சிருந்தா நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல உள்ள வந்துருக்கும். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா அதுக்கு முந்தின மாசம்தான் குடும்பத்தோட ரெண்டு நாள் கரை தெரியாத தூரம் போயிட்டு வந்தோம்.

இதுக்கு விதியே இல்லையான்னு கேட்டா இருந்துச்சு, சீகாக்குக்கான பழைய ஐஎஸ்ஓ விதியில அஞ்சு வருஷத்துக்குள்ள பழுது வராம இருந்தா போதும், அது துருப்பிடிக்காத உலோகம்னு கணக்கு. அதனால சாதா பித்தளைய போட்டுட்டாங்க, சட்டப்படி தப்பு இல்ல. துத்தநாகம் கரையாத மாதிரி செய்யிற டிஇசட்ஆர் பித்தளை போட்டிருந்தா, இல்ல வெண்கலம் போட்டிருந்தா ஒரு போட்டுக்கு என்ன பெருசா கூடிருக்கும்? இந்த ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் ஆறல.

சரி ஏழையும் மாத்திடலாம்னு இறங்கினேன். ஆறுக்கு கை எட்டிச்சு, ஒரு நாள்ல முடிஞ்சுது. ஏழாவது பாத்ரூம் ஃபைபர் தரைக்கு அடியில, விரல் நுனி தொடுது, ஸ்பானர் போகாது. தரைய கழட்ட முடியாது, ஏன்னா செவுரும் தரையும் ஒரே வார்ப்பு. கடைசியில மல்ட்டி டூல் வச்சு தரையில முட்டை வடிவத்துல ஒரு ஓட்டை வெட்டி, வேலைய முடிச்சு, அதுக்கு மூடி போட்டேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் ரெண்டு நாள். இப்ப யாராவது யாட் வாங்கப் போறேன்னு வந்தா நான் சொல்ற முதல் வார்த்தை அதுதான், கை எட்டுதா பாருங்க.

செயில் டிரைவும் இதே கதைதான், இன்ஜின்ல இருந்து ஹல்லுல ஒரு ஓட்டை வழியா கீழ இறங்கி புரொப்பெல்லர சுத்துற கால் அது. இன்ஜின் செய்யிற வால்வோ பென்டா அந்த ஓட்டைய அடைக்கிற பெரிய ரப்பர் சீல ஏழு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்றாங்க, அதுக்கு இன்ஜின முன்னாடி நகத்தணும், நகத்த எடம் விட்டிருந்தா ஒரு விலை, எடம் விடலன்னா வேற விலை.

அடுத்தது கீல், போட் கவுறாம இருக்க ஹல்லுக்கு அடியில போல்ட் போட்டு மாட்டியிருக்கிற கனமான பாகம். இத பயமுறுத்தறதுக்கு சொல்லல, ஆனா சொல்லாம விடவும் முடியாது. 2014 மே மாசம் சீக்கி ரஃபீக்கிங்கிற யாட், பெனெட்டோ ஃபர்ஸ்ட் 40.7, ஆன்டிகுவாவுல இருந்து சவுத்தாம்ப்டனுக்கு திரும்பி வரும்போது அட்லாண்டிக்ல கீல் கழண்டு கவுந்துச்சு, நாலு பேரும் போயிட்டாங்க. பிரிட்டன்ல கடல் விபத்துகள விசாரிக்கிற எம்ஏஐபி கொடுத்த அறிக்கைய நான் உக்காந்து படிச்சேன். அந்த போட் முன்னாடி பல தடவ தரை தட்டியிருக்கு, அதுக்கப்புறம் ரிப்பேரும் நடந்துருக்கு, அதுல உள் சட்டமும் ஹல்லும் ஒட்டின எடம் பலம் இழந்திருக்கலாம்னு சொல்றாங்க, ஒட்டு விட்டுப் போச்சான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்னும் சொல்றாங்க. இது அந்த ஒரு மாடலுக்கான பாடம்னு நான் எடுத்துக்கல, சட்டத்த பசை போட்டு ஒட்டுற எந்த போட்டுக்கும் தரை தட்டுறது சின்ன விஷயம் இல்லன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

அதனால என் போட் வாங்கும்போது அத சோதிச்சுப் பாக்க வந்த சர்வேயர் பண்ணின ஒரு காரியத்த இப்ப நானே எல்லா போட்டுலயும் பண்றேன். நான் மர வேலையையும் மெத்தையையும் பாத்துகிட்டு இருந்தப்ப, "சார், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தரைப் பலகைய தூக்குங்க"ன்னாரு. சின்ன பிளாஸ்டிக் சுத்தி எடுத்து கீலோட பின் முனைக்கு மேல, சட்டமும் ஹல்லும் சேர்ற மூலையில ஒவ்வொரு எடமா பானைய தட்டிப் பாக்குற மாதிரி தட்டிகிட்டே வந்தாரு. ஒட்டியிருக்கிற எடத்துல டக் டக்னு கேக்கும், விட்டுப்போன எடத்துல தொப்புன்னு கேக்கும். ஏன் பின் முனைன்னு கேட்டேன், கீல் முன்னாடி பாறையில முட்டினா அதோட பின்பக்கம் ஹல்லை கீழ இருந்து மேல குத்தும், அடி அங்கதான் தெரியும்னாரு. முன் முனையில ஆளுங்க விரிசல் தேடுவாங்க, பின்னாடி பாக்க மாட்டாங்க.

கேட்டலினா வச்சிருக்கிறவங்க கிட்ட ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். அந்த பழைய போட்டுல கீல் சேர்ற எடத்துல முன்பக்கம் ஒரு கோடு விழும், சிரிக்கிற வாய் மாதிரி இருக்கும், அதுக்கு கேட்டலினா ஸ்மைல்னே பேர் வச்சுட்டாங்க. ஏன் வருது, எப்ப போல்ட்ட முறுக்கினா போதும், எப்ப உள்ள இருக்கிற பிளைவுட் ஊறிப் போச்சுன்னு சந்தேகப்படணும், எல்லாம் ஓனர்களுக்கு அத்துப்படி. கேட்டலினா 22 மட்டுமே 15,000க்கு மேல செஞ்சிருக்காங்க, அவ்ளோ போட் இருந்தா அவ்ளோ அனுபவமும் இருக்கும். ஒரே ஒரு போட் மட்டும் கட்டுற பட்டறையில குறை வந்தா அத முதல்ல கண்டுபிடிக்கிற ஆள் நீங்கதான். ஆயிரக்கணக்குல ஓடுற போட்டுல உங்களுக்கு முன்னாடியே நூறு பேர் அந்த குறைய பாத்து, சரி பண்ணி, எந்த சைஸ் ஸ்க்ரூன்னு கூட எழுதி வச்சிருப்பாங்க. நான் மறுபடி வாங்குவேன்னு சொல்றதுக்கு பெரிய காரணம் இதுதான்.

உதிரி பாகமும் அதே மாதிரி. இன்ஜின் யான்மார் இல்லன்னா வால்வோ, கயிறு இழுக்கிற வின்ச் லூமார் இல்லன்னா ஹார்கன், பாய் கட்டுற கம்பமான மாஸ்ட் பல போட்டுல செல்டேன், எதுவும் போட் கம்பெனி செய்யிறது இல்ல, எந்த துறைமுகத்துலயும் கேட்டு வாங்கலாம். கம்பெனிக்குன்னே செஞ்ச சாமான்தான் தலைவலி, ஜன்னல், அலமாரி கொக்கி, மேல் கூரை பேனல் இந்த மாதிரி. அதனாலதான் 2018ல பவாரியா திவால் மனு போட்டப்ப அந்த போட் வச்சிருந்தவங்க பதறினாங்க, அதே வருஷமே வேற ஆள் எடுத்து நடத்த ஆரம்பிச்சதால அது பெருசா வெடிக்கல.

புதுசா ஏன் வேண்டாம்னு சொல்றேன்னா, மெரினாவுல நான் போட் கட்டுற எடத்துக்கு பக்கத்துல ஒரு தம்பதி புத்தம் புது போட் எடுத்தாங்க, முதல் வருஷம் முழுக்க ஜன்னல் ஓரம் ஒழுகிச்சு, டீலர் ஃபேக்டரிய கை காட்றான், ஃபேக்டரி டீலர கை காட்றான். அடுத்த தடவ அந்த பிராண்ட் வேண்டாம்னு சொல்றாங்க. "போட் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சார், ஓடுறது அவ்ளோ அருமையா ஓடுது, போன எடுக்காத அந்த ஆள் மேலதான்"னு அவர் சொன்னாரு. அதே மாடல், வேற டீலர்கிட்ட வாங்கின இன்னொருத்தர் அடுத்ததும் அதேதான்னு சொல்றாரு. அப்ப அவங்க மார்க் போடறது பிராண்டுக்கா டீலருக்கா? புதுசு வாங்குறவங்க டீலர விசாரிக்காம கேட்டலாக் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஆறு ஏழு வருஷமான போட்டுல அந்த ஒழுகல் எல்லாம் முதல் ஓனர் சரி பண்ணிருப்பாரு, நங்கூரம் சங்கிலி எலெக்ட்ரானிக்ஸ்னு அடிப்படை விலையில வராததெல்லாம் அவரே வாங்கி மாட்டிருப்பாரு. என்ன, 10 வருஷத்த நெருங்குதுன்னா ரிக்கிங், அதாவது மாஸ்ட்ட தாங்குற கம்பிங்க, மாத்தியாச்சான்னு கேட்டுக்கணும், இன்சூரன்ஸ்காரங்க நிறைய பேர் அத கேப்பாங்க.

அதே மாடல் ஏன் வேண்டாம்னா, என்னோடது மூணு கேபின் ரெண்டு பாத்ரூம், வாடகைக்கு விடறத மனசுல வச்சு போட்ட பிளான். பெரும்பாலும் நாங்க ரெண்டு பேர்தான் போறோம், மூணாவது கேபின்ல போட்டோட பாய்த் துணி மூட்டை கிடக்குது, டெக்ல சாமான் வைக்க லாக்கர் இல்ல. ரெண்டு கேபின் வெர்ஷன்ல அந்த எடம் பூரா ஆழமான லாக்கரா இருக்கும், அதுல இறங்கி நின்னா ஸ்டீயரிங் கேபிள், இன்ஜினோட பின்பக்கம் எல்லாத்துக்கும் கை எட்டும். பின்பக்கம் அகலமா தட்டையா இருக்கிறது மெரினாவுல பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா நங்கூரம் போட்டு படுத்தா சின்ன அலை கூட அடியில பட்டு பட்டுனு அறையும், பின் கேபின்ல படுத்திருக்கிறவங்க தலைக்கு கீழயே அந்த சத்தம். காத்துக்கு எதிர ஓட்டும்போது முன் அடிப்பாகம் அலையில விழுந்து மோதும், வேகத்த கொஞ்சம் குறைச்சா சரியாயிடும்.

கேட்டகரி ஏ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, காத்து பியூஃபோர்ட் அளவுகோல்ல 8 ஃபோர்ஸுக்கு மேல, அலை 4 மீட்டருக்கு மேல தாங்கும்னு அர்த்தம், அத பாத்துட்டு சமுத்திரம் தாண்டலாம்னு கிளம்பிடாதீங்க. உள்ள புடிச்சு நடக்க கைப்பிடி எத்தன இருக்கு, தண்ணி டேங்க் எவ்ளோ, கடல் ஆடும்போது தூங்க எடம் இருக்கா, இது எதையும் அந்த ஸ்டிக்கர் சொல்லாது. கரையோரமா தீவு தீவா போறதுக்கு இந்த விலையில இத விட வசதியான போட் எனக்கு தெரியல. 9 வருஷத்துல ஒரு தடவ கூட வெளிய கிளம்பின பயணத்த பாதியில நிறுத்தினது இல்ல, என் பொண்ணு நீச்சல் கத்துகிட்டதே இதோட பின் படியில இருந்துதான்.

இப்ப ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அதே பிராண்ட், 34 அடி, ரெண்டு கேபின், 8 வயசு. விக்கிறவர் போட்டோவெல்லாம் அனுப்பினாரு, நான் போன் பண்ணி சீகாக் மொத்தம் எத்தன, எல்லாத்துக்கும் ஸ்பானர் போகுமான்னு கேட்டேன். "லைன்ல இருங்க சார்"னுட்டு போட்டுக்குள்ள போனாரு, தரைப் பலகைய தூக்குற சத்தம் கேட்டுச்சு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ற சத்தமும் கேட்டுச்சு. அஞ்சுன்னாரு, அஞ்சுக்கும் கை போகுதுன்னாரு. சனிக்கிழமை சுத்தியும் டார்ச்சும் எடுத்துகிட்டு போறேன்.